பொதியும் காவலும்

வேல்ஸ் நாட்டின் டிரியோர்க்கியில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர் டொனால்டு டேவிஸ். பிறந்த சில திங்களிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் வளர்த்தார். இலண்டனில் இயற்பியலும் கணிதமும் பயின்று, 1947இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆலன் டூரிங்கின் வடிவமைப்பைத் தழுவிய கணினியை உருவாக்குவதில் பங்கேற்றார்.

தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை அந்த இணைப்பு அவர்களுக்கே உரியது. கணினிகளோ நொடிப்பொழுது பேசி, நெடும்பொழுது வாளாவிருப்பவை. அவற்றுக்குத் தொலைபேசி முறை ஒவ்வாது என உணர்ந்த டேவிஸ், 1965இல் புதுவழி கண்டார். செய்தியைச் சிறு பொதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் சேருமிட முகவரியைப் பொறித்து அனுப்புவதே அவ்வழி. இடையிலுள்ள கணினிகள் பொதிகளை வாங்கி அடுத்தடுத்துச் செலுத்தும். சேருமிடத்தில் அவை மீண்டும் செய்தியாகும். இதையொத்த கருத்தை அமெரிக்காவின் பால் பேரன் முன்னரே எழுதியிருந்ததை அறிந்தபோது, அவருடைய முதன்மையை டேவிஸ் மறுக்காது ஏற்றார். 1969இல் தொடங்கிய ஆர்ப்பாநெட் இம்முறையிலேயே இயங்கியது.

பல கணினிகளைக் கடந்து செல்லும் பொதியை இடையில் எவரேனும் படிக்கவோ திருத்தவோ கூடும். பாதை திறந்தால் போதாது, பயணத்தையும் காக்கவேண்டும் என்று தெளிந்த அவர், பிற்காலத்தில் தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்தார். வின் பிரைஸுடன் இணைந்து 1984இல் அதுகுறித்து நூல் வெளியிட்டார். வங்கிகளுக்கும் ஆலோசனை வழங்கினார். 2000ஆம் ஆண்டு மே திங்களில் மறைந்தார். இன்று கைப்பேசி வழியே நாம் அனுப்பும் பணமும் மடலும் பொதிகளாகவே பயணம் செய்கின்றன.