தமிழில் வைத்திய நூல் தந்த கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் பெயரை மானிப்பாயிலே அறியாதார் இல்லை. ஆயினும் வைத்தியசாலை கண்டவராக அவரை அறிந்த அளவுக்கு, தமிழ்ப் பாடநூல் ஆக்கியவராக அறிந்தவர் நம்மிடையே சிலரே.

இவர் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் நம்மவர் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். போதனை ஆங்கிலத்திலே நடந்தது. கற்றுத் தேறியவர்களோ கிராமங்களில் தங்கவில்லை; அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போயினர். ஊரவரின் நோய் தீர்க்க வேண்டுமாயின் ஊரவர் மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்று அவர் தெளிந்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே கற்பிக்கலானார்.

கற்பிக்க நூல் வேண்டுமே! அதற்கான முயற்சியை முன்னரே அவர் தொடங்கியிருந்தார். கற்றர் என்பவரின் உடல்நூலை 1852இல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என வெளியிட்டார். பின்னர் ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’ என்பன வந்தன. கிறே என்பவரின் புகழ்பெற்ற அங்காதிபாத நூல் 1872இலும், இரசாயன நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875இலும் தமிழ் பேசின. தாமும் மாணாக்கருமாக ஆக்கியவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும்.

கலைச்சொல் வகையில் அவர் கொண்ட முறை கவனிக்கத்தக்கது. முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடினார். அது கிடையாதபோது வடசொல்லை நாடினார். இரண்டும் உதவாதவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். வடமொழி மிகுந்த அந்நடை இன்று படிப்பவரை இடறவே செய்கிறது. ‘கெமிஸ்தம்’ என்ற தலைப்பும் செவிக்கு இனியதன்று. ஆனால் கருத்துப் பிழையாமல் மாணாக்கன் மனதிற் பதியவேண்டும் என்பதிலே அவர் தளரவில்லை. மேல்நாட்டு மருந்துகளோடு நில்லாது, இந்திய மருந்துச் சரக்குகளைக் கூறும் வாரிங்கின் நூலையும் தமிழாக்க முற்பட்டதிலே அவருடைய கருத்து விளங்கும். பாடம் மேல்நாட்டினதாயினும் படிப்பவன் வாழும் நிலத்தை அது மறத்தலாகாது.

சமயம் பரப்ப வந்தவர்தாம். எனினும், கிறிஸ்தவராயினோரும் நம்முடைய உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிட்டு ஐரோப்பியரைப் போல நடப்பதை அவர் விரும்பவில்லை. அக்காலத்தில் இவ்வெண்ணம் சாதாரணமானதன்று.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கி, உடல் தளர்ந்து, 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். வூஸ்ரரிலே இருந்தபோதும் மொழிபெயர்ப்பு வேலை ஓயவில்லை. 1883இல் ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்தது. 1884இல் அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்ற செய்தியே தம் கல்லறைக் கல்லிற் பொறிக்கப்படவேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார்.