எருவாடிப் பாறையும் அச்சணந்தி அடிகளும்

நாங்குநேரி என்றதும் வானமாமலைப் பெருமாள் திருக்கோயிலே பலர் நினைவுக்கு வரும். அதே வட்டத்தில், எருவாடியை அடுத்த இரட்டைப்பொத்தைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்குவதை நம்மவருள்ளும் சிலரே அறிவர். அவற்றைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகள் என அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

அடிகள் கி.பி. 9ஆம் நூற்றாண்டினர். ஆரியநந்தி என்னும் பெயரே பிராகிருத வழியில் அஜ்ஜநந்தி ஆகி, தமிழில் அச்சணந்தி என வழங்கிற்று. அவர்தம் அன்னையார் குணமதியார். மதுரையருகே சமணர்மலையில் அவ்வம்மையார் செய்வித்த திருமேனியை இன்றும் தரிசிக்கலாம். ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, ஐவர்மலை, உத்தமபாளையம், தெற்கே சிதறால் எனக் குன்றுதோறும் அடிகளின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

7ஆம் நூற்றாண்டு முதல் பக்தி இயக்கம் பெருகிப் பாண்டிய நாட்டில் நம் சமயத்தின் செல்வாக்குச் சுருங்கியது. அக்காலத்திற்குப் பின் வந்த அடிகள் வாதப்போரை நாடாது, பாறையில் அருகனின் அமைதியைப் பொறிக்கச் செய்தார். அதன் பொருளை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறை இறைவனால் அருளப்பட்டது என்பது பல சமயங்களின் கொள்கை. எவராலும் இயற்றப்படாதது என்பாரும் உளர். நம் ஆகமமோ, வினைமாசு அறுத்துக் கேவலஞானம் எய்திய மனிதரின் திருமொழி, கணதரர் தொகுத்தளித்தது. மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என அறிவை ஐந்தாக வகுத்த உமாசுவாதி ஆசாரியர், கேட்டறியும் சுருதஞானத்திற்கு மதிஞானம் முன்னிற்க வேண்டும் எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் விதித்தார். பொறிகளாலும் மனத்தாலும் ஆராயாதவனுக்கு ஆகமமும் வெறும் ஒலியே என்பது இதனால் பெறப்படும்.

பாறையிலுள்ள அருகன் வரம் அளிப்பவரல்லர். முற்றறிவு மனிதனால் எய்தத்தக்கது என்பதற்குச் சான்றாய் நிற்பவர். அந்நிலை எய்தாத நாமோ பொருளின் ஒரு பக்கத்தையே காண்கிறோம். ஆதலின் பிறர் காட்சியிலும் உண்மைக்கூறு உண்டெனக் கொள்வதே அநேகாந்தம். வானமாமலையை வணங்கும் அன்பரை இகழாமலேயே எருவாடியை நாம் வணங்கலாம்.

இன்று நம் இளைஞருட் சிலர் சமயத்தை ஆராயாமல் ஏற்கின்றனர். சிலர் ஆராயாமலே விடுகின்றனர். இரண்டும் அடிகள் காட்டிய நெறியன்று. கழுகுமலைக்கு யாத்திரை செல்லும் குடும்பத்தினர் எருவாடிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்க. அவர்கள் வினவட்டும், பெற்றோர் விடை கூறக் கற்றிருத்தல் வேண்டும். அடிகளுக்கு நாம் செய்யும் வழிபாடு அதுவே.