திரைக்கு வெளியே எம்.ஆர்.ராதா

ஈஜோக் பக்கம் தாத்தா மரம் சீவிய தோட்டத்தில், திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவாங்களாம். அப்படித்தான் ‘ரத்தக்கண்ணீர்’ அவருக்குப் பழக்கமாச்சு. எனக்கு வீட்டு டிவியில். கரகரன்னு ஆரம்பித்து, அதே வசனத்தில் கீச்சுக்குரலில் முடிக்கும் எம்.ஆர்.ராதாவை நான் பேசிப் பார்க்காத நாளில்லை. பள்ளிக்கூடக் கலைவிழாவில் பரிசுகூட வாங்கினேன்.

பதினாறு வயசில் தாத்தாவின் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. ராதா மலேசியாவுக்கு வந்தபோது பேசிய பேச்சு. சிரிக்கலாம்னு போட்டேன். சாமி, சடங்கு, சினிமாக்காரனைத் தலையில் வைத்து ஆடுவது, எதையும் விடவில்லை மனுசன். கேட்டு முடிக்க முடியவில்லை. மறுநாள் எனக்குத் தேவார வகுப்பு வேற. இவரையா இத்தனை நாள் கொண்டாடினேன்னு வலித்தது.

பிறகுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1907ல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடி, நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஏட்டுப்படிப்பு குறைவு. மேடைதான் பள்ளிக்கூடம். பெரியாரின் கொள்கையைப் பிடித்துக்கொண்டவர், கடைசிவரை விடவில்லை. 1949ல் அண்ணா பிரிந்து தி.மு.க. தொடங்கியபோதும் இவர் பெரியார் பக்கமே நின்றார்.

திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ முதலில் மேடை நாடகம்தான். அது படமாக வந்தது 1954ல். அதே வருசம் ராமாயணத்தைக் கிண்டல் பண்ணும் நாடகத்தால் அவருக்கு ஏகப்பட்ட வம்பு. தடை, கைது. அந்த வருசம் வந்த நாடகச் சட்டமே அவரை மனசில் வைத்துத்தான் என்பார்கள். அந்த நாடகத்தை என்னால் ரசிக்க முடியாது. ஆனா ஒண்ணு, மனசு புண்படும் என்று நினைப்பவர்கள் வரவேண்டாம், அவங்க காசும் வேண்டாம் என்று முன்கூட்டியே விளம்பரம் செய்தவர் அவர். கொள்கையை மறைத்து டிக்கெட் விற்கவில்லை. ரசிகன் கோவிச்சுக்குவானேன்னு வாயைப் பொத்திக்கொள்ளும் இன்றைய நடிகர்களை நினைத்தால், இது சின்ன விஷயமில்லை.

அவர் கருத்தைவிட எனக்கு ஜீரணமாகாதது 1967 ஜனவரி 12. எம்.ஜி.ஆரை அவர் வீட்டிலேயே துப்பாக்கியால் சுட்டார். தேர்தல் நேரம் அது. எம்.ஜி.ஆர் தி.மு.க., ராதா காமராசர் பக்கம். குண்டு பாய்ந்த எம்.ஜி.ஆர் பிழைத்தார், பேச்சுதான் பழையபடி ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியை ஜெயித்தார். ராதாவுக்கு ஏழு வருசத் தண்டனை. உச்ச நீதிமன்றம் ஐந்தாகக் குறைத்தது. கருத்துக்குப் பதில் கருத்து சொல்லலாம். துப்பாக்கிக்கு என்ன பதில்?

1979 செப்டம்பர் 17ல் திருச்சியில் காலமானார். அது பெரியாரின் பிறந்த நாளும்கூட.

தாத்தா வருசா வருசம் பத்துமலைக்குக் காவடி எடுத்தவர். இந்தக் கேசட்டை ஏன் வைத்திருக்கீங்கன்னு ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆறு மணி ஆனதும் அதை நிறுத்திவிட்டு, கைகால் கழுவி, சாமி விளக்கை ஏத்தப் போய்விட்டார்.