தொண்டைக்குள் விளக்கேற்றியவர்

குழந்தை ஒன்று திறந்த ஊக்கை விழுங்கிவிட்டது. அதன் கூர்முனை மேல்நோக்கி நிற்கிறது. பற்றி இழுத்தால் உணவுக்குழாய் கிழியும். விட்டுவைத்தாலும் உயிருக்கு ஆபத்து. கத்தியின்றி அதை எடுப்பது எப்படி? இவ்வினாவுக்கு விடை காண வாழ்நாளையே ஒப்படைத்தவர் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன். செவாலியர் என்பது இங்கே பட்டமன்று; பெற்றோர் இட்ட பெயர்.

1865இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த அவருக்கு வறுமை உடன்பிறப்பு. கண்ணாடியிலும் மண்பாண்டத்திலும் சித்திரம் தீட்டிப் பொருளீட்டிப் படித்து, 1886இல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தூரிகை பிடித்துப் பழகிய கை, பின்னாளில் இடுக்கி பிடித்தபோதும் நடுங்கவில்லை.

நேரான உலோகக் குழாய், அதன் உள்முனையில் சிறு மின்விளக்கு, உள்ளே செலுத்த நீண்ட இடுக்கி: இவையே அவருடைய கருவிகள். ஊக்கை உள்ளேயே மூடி எடுப்பார். இயலாவிடில் இரைப்பைக்குள் தள்ளி, திருப்பி, கூர்முனை பின்தொடர்ந்து வருமாறு வெளியே கொணர்வார். முன்செல்லும் முனை குத்தும்; பின்வரும் முனை குத்தாது. இவ்வளவு எளிய இயற்பியல்! விழுங்கிய பொருளைப் போன்றே வேறொன்றைத் தேடி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பதும் அவர் வழக்கம். அவர் சேகரிப்பிலுள்ள நாணயங்கள், எலும்புத் துண்டுகள், பொத்தான்கள், ஊசிகள் என 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆயினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொரு செயல். அந்நாளில் அமெரிக்க வீடுகளில் புழங்கிய காஸ்டிக் காரத்தைச் சர்க்கரையென எண்ணிக் குழந்தைகள் விழுங்கினர். உணவுக்குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கி, தண்ணீரும் இறங்காமல் வாடினர். அக்குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்ததோடு அவர் அமையவில்லை. காரப் பொருள்களின் உறையில் நஞ்சு என்ற எச்சரிக்கையும் மாற்று மருந்தும் அச்சிடப்பட வேண்டுமெனப் பல்லாண்டு போராடினார். 1927இல் அது சட்டமாயிற்று. 1958இல் அவர் மறைந்தார். இன்று வளையும் எண்டோஸ்கோப்பு வந்துவிட்டது. அவர் காட்டிய நெறி மாறவில்லை.

நண்பர்களே! எழுத்தறியாத பெற்றோருக்குப் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். எங்கள் வீட்டில் பூச்சிமருந்துப் புட்டியின் எச்சரிக்கை யாருக்காக அச்சிடப்பட்டது? அதை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? ஜாக்சன் அச்சிட வைத்தார். வாசித்துச் சொல்லும் கடமை நம்முடையது. பட்டம் பெறும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.