சாய இரகசியங்களை நூலாக்கிய வெங்கடராமன்

மூவார்க்காரர்களுக்கு மரத் தளவாடத் தொழிற்சாலைகள் புதிதல்ல. மரத்துக்கு நிறமூட்டும் சாயங்களில், குரோமியம் அல்லது கோபால்ட்டோடு இணைந்த அசோ சாயங்கள் ஒரு முக்கிய வகை. வேதியியல் மாணவனான நான் இவற்றைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் கிருஷ்ணசாமி வெங்கடராமன் எனக்கு அறிமுகமானார்.

1901இல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து, சென்னை அரசின் உபகாரச் சம்பளத்தில் மான்செஸ்டர் சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். திரும்பி வந்து லாகூரில் கல்லூரி ஆசிரியரானார். பேக்கர்–வெங்கடராமன் வினையில் இருப்பது இவர் பெயர்தான். 1934இல் துணியாலைகள் நிறைந்த பம்பாய்க்கு வந்து, பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையில் சேர்ந்தார். 1938இல் அதன் தலைவரானார். அங்கே சாயம்தான் அவர் உலகம்.

அசோ சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் பாலம்போல் நின்று இரு வளையங்களை இணைக்கின்றன. எலக்ட்ரான்கள் அந்த நீளம் முழுவதும் பரவுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியையே மூலக்கூறு உறிஞ்சுகிறது. உலோகம் வந்து நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பற்றிக்கொண்டால், எலக்ட்ரான்களின் ஆற்றல் இடைவெளி மாறும். உறிஞ்சும் அலைநீளமும் மாறும். கடின நீர்ச் சோதனையில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எரியோகுரோம் பிளாக் டி மெக்னீசியத்தைப் பிடித்திருக்கும்போது பச்சை ஒளியை உறிஞ்சி, திராட்சை இரசச் சிவப்பாகத் தெரியும். ஈ.டி.டி.ஏ. அந்த உலோகத்தைப் பறித்ததும் செம்மஞ்சள் பக்கத்து ஒளியை உறிஞ்சி நீலமாகிவிடும். கம்பளிச் சாயங்களில் குரோமியம் சேர்ந்தால் உறிஞ்சல் பெரும்பாலும் நெட்டலைப் பக்கம் நகரும். நிறம் சற்று மங்கி ஆழமாகும்; ஆனால் வெயிலுக்கும் சலவைக்கும் எளிதில் வெளுக்காது.

இந்த அறிவில் பெரும்பகுதி அன்று ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், அங்குள்ள சாயத் தொழிற்சாலைகளை நேச நாட்டு வல்லுநர்கள் ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டார்கள். அந்த அறிக்கைகளையும் காப்புரிமை ஆவணங்களையும் ஆய்விதழ்களையும் சலித்தெடுத்து, செயற்கைச் சாயங்களின் வேதியியலை இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதினார் வெங்கடராமன். 1952இல் நியூயார்க்கில் அவை வெளிவந்தன. அவர் பெயர் தாங்கிய வினையைவிட இந்த உழைப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிறுவனத்துக்குள் நுழைய முடியாத மாணவனும் நூலகத்துக்குள் நுழையலாம் அல்லவா?

1957இல் பூனா தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அங்கே இயற்கை நிறங்களின் பக்கமும் திரும்பினார். பலாமர வைரத்தின் மஞ்சள் நிறமிகளையும், அரக்குப் பூச்சி தரும் சிவப்புச் சாயத்தையும் தம் குழுவினரோடு ஆராய்ந்தார். சாய நூலையும் அவர் விடவில்லை. பிற்காலத் தொகுதிகளுக்குப் பல நாட்டு அறிஞர்களை எழுத வைத்துத் தாமே பதிப்பித்தார். எட்டாம் தொகுதி 1978இல் வந்தது. 1981இல் அவர் காலமானார்.