இதயச் சுவரும் இப்னு நஃபீஸும்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸ் அருகே பிறந்து, கெய்ரோவில் தலைமை மருத்துவராய் விளங்கியவர் இப்னு நஃபீஸ்.

இதயத்தின் நடுச்சுவரிலுள்ள புலப்படாத துளைகள் வழியே குருதி இடப்புறம் கசிகிறது என்பது 2ஆம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் கேலனின் கொள்கை. புலப்படாததைக் கண்டவரும் இலர், மறுத்தவரும் இலர். ஆசானின் பெயரே சான்றாயிற்று.

இப்னு சீனாவின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் உரை வரைந்த இப்னு நஃபீஸோ, அச்சுவர் துளையற்றது என்றும், குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றும் தெளிவுறுத்தினார். 1288இல் மறைந்த அப்பெருமகனார் தம் இல்லத்தையும் நூல்களையும் மருத்துவமனைக்கே வழங்கினார்.

எனினும், ஐரோப்பாவில் அப்பிழை மேலும் மூன்று நூற்றாண்டுகள் கோலோச்சியது. கவனிப்பாரற்றிருந்த அவ்வுரையை 1924இல் எகிப்திய மருத்துவர் தத்தாவி பெர்லின் நூலகத்தில் கண்டறிந்தார். பிழை தானே மறைவதில்லை. திருத்தியவர் எழுத்தைப் பயில்வோரும் வேண்டும்.