சேமக்கலம் தந்த எடிசன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தாமஸ் ஆல்வா எடிசன் என்றவுடன் மின்விளக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் நம் நினைவுக்கு வரும். அவர் தம் வாழ்வில் பல ஆண்டுகளைச் சேமக்கலத்திற்காகவே செலவிட்டார் என்பதைக் கடந்த சித்திரை வரை நான் அறியேன். அறிய வைத்தது ஒரு விபத்து.

என் தந்தை மாந்தோப்புக் காவலர். பள்ளி வாசலை மிதிக்காதவர். மின் இணைப்பில்லாத தோப்புக் குடிசையில் சூரியத் தகடும் லித்தியம் பாட்டரி விளக்குமே அவருக்குத் துணை. பழுது பார்த்து வாங்கிவந்த அந்தப் பாட்டரி ஓர் இரவு உப்பிப் புகைந்தது. அதை எடுத்து வெளியே மணலில் வீசியதில் அவர் உள்ளங்கை வெந்தது. மறுநாள் பிரித்துப் பார்த்தேன். பழுது பார்த்தவர் உள்ளிருந்த சிறு பாதுகாப்புச் சுற்றை நீக்கிவிட்டுக் கம்பிகளை நேராக இணைத்திருந்தார். அந்தச் சுற்று எதற்கு என்று அப்பா கேட்டார். இயற்பியல் படிக்கும் என்னால் விடை கூற முடியவில்லை. வெட்கத்தோடு நூலகம் சென்றேன். அங்கேதான் எடிசனின் இந்த மறுபக்கத்தைக் கண்டேன்.

அவர் 1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளியில் பயின்றது மிகக் குறைவு, அன்னையே ஆசிரியை. ரயிலில் செய்தித்தாள் விற்றார்; பின்னர் தந்தி அனுப்பும் பணியில் சேர்ந்தார். லூயிவில் நகரில் பணியாற்றியபோது, சேமக்கலச் சோதனையில் அவர் சிந்திய கந்தக அமிலம் தரைப் பலகை வழியே ஒழுகி, கீழ்த்தளத்தில் மேலாளரின் மேசையைப் பாழாக்கியது. வேலை போயிற்று.

1900ஆம் ஆண்டையொட்டி, மின்சாரக் கார்களுக்காக, காரீயமும் அமிலமும் இல்லாத சேமக்கலம் ஒன்றை உருவாக்க முனைந்தார். நிக்கலும் இரும்பும் தகடுகளாயின. காரக் கரைசல் மின்பகுளியாயிற்று. விற்பனைக்கு வந்த சில காலத்திலேயே கலங்கள் ஒழுகின, திறனும் குன்றியது. எடிசன் சமாதானம் கூறவில்லை. 1904-ல் உற்பத்தியையே நிறுத்தினார். மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்து, 1909-ல் திருந்திய கலத்தைத் தந்தார். அதன் கரைசலில் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தார். இன்றைய லித்தியம் அயனிக் கலம் வேறு வகை. எனினும் லித்தியம் அன்றே சேமக்கலத்துள் புகுந்துவிட்டது!

சுரங்கத் தொழிலாளர் தலையில் அணியும் விளக்குக்கும் அக்கலம் பயன்பட்டது. பல்பு உடைந்தால் வில்சுருள் அதை வெளியே தள்ளி மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். சுரங்க வாயு தீப்பற்றாமல் காக்கவே இந்த ஏற்பாடு.

ஆயினும் 1916 ஜனவரியில் புரூக்ளின் கடற்படைத் தளத்தில், எடிசன் கலங்கள் பொருத்திய ஈ-2 நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து உயிர்கள் பலியாயின. கலங்கள் வெளியிட்ட ஹைட்ரஜன் கப்பலுக்குள் தேங்கியதே காரணம். கலம் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, அது இருக்கும் இடத்திற்கும் காவல் வேண்டும் என்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

பின்னாட்களில் ஹென்றி ஃபோர்டு, ஃபயர்ஸ்டோன் முதலிய நண்பர்களோடு காடு மலைகளில் கூடாரமடித்துத் தங்கியபோதும், எடிசனின் சேமக்கலங்களே அங்கு ஒளி தந்தன. 1931 அக்டோபர் 18 அன்று அவர் மறைந்தார்.

எடிசன் கலம் மிகை மின்னேற்றத்தையும் முழு இறக்கத்தையும் தாங்கவல்லது. லித்தியம் அயனிக் கலம் அவ்வாறன்று. பெரும்பாலான வகைகளில் ஒரு கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது. அளவுக்குக் கீழே இறங்கவும் விடலாகாது. குறுக்குச் சுற்று ஏற்பட்டால் உடனே துண்டிக்க வேண்டும். இவற்றைக் கண்காணிப்பதே அந்தச் சிறு சுற்றின் வேலை. தோப்பைக் காக்க அப்பா இருப்பதுபோல், பாட்டரியைக் காக்க அது.

இப்படிச் சொன்னதும் அப்பாவுக்கு விளங்கியது. புதிய பாட்டரியை, பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா என்று கேட்டு அவரே வாங்கிவந்தார். அறிவியல் பயிலும் நண்பர்களே, நாம் கற்பதை நம் வீட்டுக் குடிசைக்குள்ளும் கொண்டு செல்வோம். எடிசனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.